சேங்கொட்டைக் குறி

எங்கள் வீட்டில் நகைச்சுவைக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. சொல்ல வேண்டியதை முற்பகலுக்குள் சொல்லி முடித்துவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு சொன்னால் என் மனைவிக்குச் சிரிப்பு வராது. சிரிப்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று வரும். அதைப் பார்த்த விருந்தாளிகள் காபியை ஆற்றாமலே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நான் பத்திரிகைகளில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன். என்னைப் பார்க்க வரும் வாசகர்கள், ஆபீஸ் விட்ட பிறகு, மாலையில்தான் வருகிறார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே பாதி ஏமாற்றம் வந்துவிடும்; கணக்குப் பரீட்சைக்குப் போகிறவன் மாதிரியான முகம் எனக்கு. காபி கொண்டுவரும் என் மனைவியைப் பார்த்ததும் மீதிப் பாதியும் வந்துவிடும். "பாவம், வீட்டில் சந்தோஷமில்லை போலிருக்கிறது, அதனால்தான் எழுத்தில் சிரிக்கிறார்" என்று ஒருவர் பத்திரிகைக்கே எழுதிப் போட்டார். நான் மறுக்கவில்லை. மறுப்பதென்றால் யுத்த காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

யுத்த காலத்தில் நான் பெரம்பலூர் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. சொந்த ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கம். கொஞ்சம் நிலம், நிறைய முந்திரி, அதற்கும் மேலே என் அத்தை. அப்பாவின் அக்கா. என்னைப் பெற்றவள் சீக்கிரமே போய்விட்டதால் அத்தைதான் என்னை வளர்த்தாள். அப்பா அதிகம் பேசமாட்டார். அவர் பங்குப் பேச்சையும் அத்தையே எடுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தைக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுச் சாமான் எதுவானாலும் குறி போட்டுவிடுவாள். கல்யாணம் காட்சி என்றால் ஊரெல்லாம் ஜமக்காளமும் அண்டாவும் இரவல் போகும். திரும்பி வரும்போது மாறி வரும். "நம்மளது நம்மகிட்ட வரணும், அடுத்தவன்து அடுத்தவன்கிட்ட போவணும்" என்பது அவள் கொள்கை. அண்டாவில் ஆணியால் கீறுவாள். கோழிக்குக் காலில் சாயம். துணிக்குச் சேங்கொட்டை. சலவைக்காரர்கள் துணியில் அடையாளம் போடுவார்களே, அந்தக் கொட்டைதான். ஊசியைக் கொட்டையில் குத்தி எடுத்துத் துணியில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது. விடிவதற்குள் கறுப்பாக ஏறிவிடும், பிறகு எந்த வெள்ளாவியிலும் போகாது. என் வேட்டி மூலைகளிலெல்லாம் மூன்று புள்ளி இருக்கும். என் மேல் எங்கேயாவது இருக்கிறதா என்று நான் கண்ணாடியில் தேடிப் பார்த்ததும் உண்டு.

அந்தப் பங்குனியில் அத்தை என்னைத் திருமழபாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நந்திக்குக் கல்யாணம் நடக்கும். பார்த்த பிரம்மச்சாரிக்குச் சீக்கிரம் ஆகிவிடும் என்று நம்பிக்கை. நந்தியெம்பெருமான் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார். என்னைவிடக் களையாகவே இருந்தார். ஊர் திரும்புவதற்குள், தா.பழூருக்குப் பக்கத்தில் ஒரு பெண் இருப்பதாக அத்தை விசாரித்து முடித்திருந்தாள்.

பெண் பார்க்கப் போனது காலை வேளை. அத்தை பரீட்சைகளை ஆரம்பித்தாள். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாள், கோர்த்தது. நடக்கச் சொன்னாள், நடந்தது. நான் ஒரு பெஞ்சியின் ஓரத்தில், கையில் அதிரசத் தட்டோடு, படித்தவன் உட்கார வேண்டிய விதத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுஓரத்தில் இருந்த அப்பா வெற்றிலை துப்ப எழுந்தார். அவ்வளவுதான். பெஞ்சி ஒரு பக்கமாகக் கவிழ்ந்து, அதிரசங்கள் உருண்டு, நான் அவற்றைத் தொடர்ந்து போனேன்.

அந்தப் பெண் சிரித்தாள். வாயைப் பொத்தக் கை போனது, ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. கண் இரண்டும் மூடி, தோள் குலுங்கி, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அத்தை அதை ஒரு குறையாக மனத்தில் எழுதிக்கொண்டாள். நான் அங்கேயே, தரையில் இருந்தபடியே, சம்மதித்துவிட்டேன். ஒரு மனிதன் விழுந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்படுகிற பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆயுள் பூராவும் விழுந்துகொண்டே இருக்கலாம் என்று தோன்றியது.

வைகாசியில் கல்யாணம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டில்தான் கல்யாணம். முதல் நாளே பெண்ணை அழைத்து வந்துவிடுவார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் அவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. பந்தலில் உட்கார்ந்து, ஊரில் இரவல் வாங்கிய ஜமக்காளங்களோடு எங்களுடையது கலந்துவிடாமல் இருக்க, அத்தை சேங்கொட்டையும் ஊசியுமாகக் குறி வைத்துக்கொண்டிருந்தாள். மேளச் சத்தம் கேட்டு அப்படியே எழுந்து வாசலுக்குப் போனாள். ஆலம் சுற்றினார்கள். கியாஸ் விளக்கை ஒருவன் உயர்த்திப் பிடித்தான்.

நான் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

வண்டியிலிருந்து இறங்கியது வேறொருத்தி. அதே உயரம், அதே நிறம். ஆனால் இமைகள் பாதிக் கண்ணுக்கு வந்து தொங்கின. இடது கண் கிட்டத்தட்ட மூடியே இருந்தது. அந்த இமைகளுக்கு அடியிலிருந்து பார்ப்பதற்காகத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து எல்லாரையும் பார்த்தாள். தாடை கீழே இறங்காமல் இருக்க ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு கிழவி ஏதோ கேலி சொன்னாள். பெண் சிரித்தாள். உதட்டின் ஓரங்கள் மேலே போகவில்லை. நடு உதடு மட்டும் ஏறி, பல் தெரிந்தது. சத்தமில்லை. விளக்குப் பிடித்தவன் ஓரடி பின்னால் போனான்.

"இது நாம பாத்த பொண்ணு இல்ல" என்றாள் அத்தை. மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

பெண்ணின் அப்பா பதறிப்போனார். "என்னா சம்பந்தியம்மா இப்புடிச் சொல்றீங்க! எனக்கு இருக்கிறதே ஒரு பொண்ணுங்க. வெயில்ல வந்த களைப்பு. படுத்து எந்திரிச்சா சரியாயிடும்."

"தங்கச்சியக் காட்டிட்டு அக்காவத் தள்ளிவுடுறவங்கள நாங்களும் பாத்திருக்கோம்."

"அக்காவே கிடையாதுங்களே!"

"அதத்தான் நானும் கேக்கிறேன். அப்ப இது யாரு?"

 உள்ளே அழைத்துப் போகும் சந்தடியில் அத்தை பெண்ணின் கையைப் பிடித்தாள். "வளையல் எறுக்கமா இருக்கா பாரு" என்றாள். பெண் ஏதோ சொன்னாள்; வார்த்தை மூக்கு வழியாக வந்தது, புரியவில்லை. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். கை வரவில்லை.

பொழுது விடிந்து மணவறைக்கு வந்தது நான் பெஞ்சியிலிருந்து விழுந்தபோது சிரித்தவள்! கண் இரண்டும் அகலத் திறந்து, என்னைக் கண்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெஞ்சி ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்தது. பெண் வீட்டார் ராத்திரியே பயந்துபோய்ச் சரியான பெண்ணைக் கொண்டுவந்து மாற்றிவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்தது. நானும் அப்படியே நினைத்தேன். எனக்கு அதில் நிம்மதி. தாலி கட்டினேன்.

அத்தை மட்டும் முகம் வெளிறி நின்றாள். சாப்பாட்டுக்குப் பிறகு என்னை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"தம்பி, நேத்து வந்தவளுக்கு நான் குறி வச்சேன்."

"என்ன குறி?"

"சேங்கொட்ட. நான் கண்டுபுடிச்சிட்டதால ராத்திரியே மாத்திடுவாங்கன்னு தெரியும். காலைல வர்றவ கையில இல்லன்னா, மாத்திட்டாங்கன்னு பஞ்சாயத்துல நிரூபிக்கலாம்னு. கட்டவெரலு அடியில ஒரு புள்ளி."

"சரி?"

"இவ கையில இருக்குடா."

கொட்டகையில் மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆள் மாறாட்டம் நடந்திருந்தால் அத்தை அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். நடக்கவில்லை என்பதுதான் அவளை நடுக்கியது. "ஒடம்பு ஒண்ணுதான். வர்றதுதான் ரெண்டு பேரு" என்றாள்.

நான் படித்தவன். ஆங்கிலத்தில் ஆவிக் கதைகள் கூடப் படித்தவன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தே" என்று சொல்லிவிட்டுப் பெரம்பலூரில் வாடகை வீடு பார்த்துக் குடித்தனம் வைத்தேன். ஆனியில் முதல் சில நாட்களில், என் படிப்பு பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்வது என்று தெரிந்துகொண்டேன்.

காலையில் அவள் தண்ணீர் இறைப்பாள், மாவு இடிப்பாள், என்னைக் கேலி செய்வாள். "குடையத் தொறக்கத் தெரியாதவங்க கையில தாலுகாவக் குடுத்திருக்காங்க" என்பாள். உச்சி தாண்டியதும் பேச்சு குறையும். நான் ஆபீசிலிருந்து வரும்போது கொல்லைப் படியில், தாடையை முஷ்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு, விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பாள். அரிக்கேனை ஆணியில் மாட்டக் கை தோளுக்கு மேல் எழும்பாது. தலையைப் பின்னால் சாய்த்து, இமைக்கு அடியிலிருந்து என்னைப் பார்ப்பாள். "வந்துட்டீங்களா" என்ற வாக்கியம் அவள் குரலில் தொடங்கும்; முடிகிறபோது அது வேறு யாருடைய குரலோ. தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். சோற்றை மெல்லும்போது கையால் தாடையைத் தள்ளி மூடுவாள். பயத்தை மறைக்க நான் ஏதாவது வேடிக்கை சொல்வேன். உடனே அந்தச் சிரிப்பு வரும். பல் மட்டும். சத்தமில்லாமல். அதற்குப் பிறகு இருட்டில் அவளை விட்டால் வேறு ஆள் இல்லை, எனக்கும் வேறு வீடு இல்லை.

நான் ஆபீசில் வேலை அதிகம் என்று தாமதமாக வர ஆரம்பித்தேன். தலைமைக் குமாஸ்தா என்னைப் பற்றி மேலே நல்லபடியாக எழுதினார். என் உத்தியோக உயர்வுக்கு ஒரு பேய்தான் காரணம் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆனிக் கடைசியில் அத்தை ஒரு கோடாங்கியோடு வந்து இறங்கினாள். உச்சிப் பொழுதில் என் மனைவியை மணையில் உட்கார வைத்தார்கள். அவர் உடுக்கையைத் தட்டினார்.

"யாரு நீ?"

அவள் தன் பேரைச் சொன்னாள்.

"உள்ள இருக்கிறது யாருன்னு கேட்டேன். சொல்லு, யாரு நீ?"

மறுபடி தன் பேரைச் சொன்னாள். அவர் விடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க அந்தப் பேர் தேய்ந்தது. முதலில் கடைசி எழுத்து மூக்குக்குள் போனது. பிறகு நடு எழுத்து. இடது இமை இறங்கியது. கடைசியில் உதடு மட்டும் அசைந்தது, பேர் வரவில்லை.

"வந்துட்டா" என்றார் கோடாங்கி திருப்தியோடு. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.  ஒரு பெண் தன் பேரைச் சொல்லிச் சொல்லியே அதை இழந்துபோவதை அப்போதுதான் பார்த்தேன். வேப்பிலையும் விபூதியும் போட்டுப் படுக்க வைத்தார்கள். தூங்கி எழுந்தவள் நன்றாகவே பேசினாள். "போயிட்டா" என்றார் அவர். விளக்கு வைத்ததும் திரும்ப வந்துவிட்டாள். அதற்குள் அவர் போய்விட்டார்.

மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"என்னாங்க, கேக்கக் கேக்கத்தான் போவுது. கேக்காம இருந்தா இருக்கேன்."

"எது போவுது?"

"எல்லாம். கண்ணு, வாயி, கையி. இழுத்துக் கட்டுன கயிறு அவுந்த மாதிரி. உள்ள நான் அப்படியேதான் இருக்கேன். வெளிய வர்றதுக்குத்தான் வழி அடைஞ்சு போவுது."

நான் தோசையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன். காலைக்காரி சொல்வதை நம்பினேன். மாலைக்காரிக்கும் அது பொருந்தும் என்று நம்ப முடியவில்லை.

அத்தை அதற்குள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் போய் அழைத்து வரவேண்டும். "அனுப்பி வைப்போம். ஆவணியில யாரும் போவாதீங்க. சண்டையில்ல, பஞ்சாயத்தில்ல. அவங்களே புரிஞ்சுக்குவாங்க. தையில வேற பொண்ணு பாக்கலாம்" என்றாள். அழைத்து வராமல் இருப்பது ஒன்றே போதும். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையை முடித்துவிடலாம். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டார். அது சம்மதம் என்று அர்த்தம்.

வண்டி ஏறும்போது அவள் என்னிடம், "ஆவணியில வருவீங்கல்ல?" என்று கேட்டாள். காலை வேளை, குரல் தெளிவாக இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்றும் தெளிவாக இருந்தது.

ஆடியில் அந்த வீட்டில் நான் தனியாக இருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். வந்து, யாரும் இல்லாத கொல்லைப் படியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேய் இருந்த வீட்டைவிடப் பேய் போன வீடு மோசமாக இருந்தது. ஆடிப் பெருக்குக்கு மாப்பிள்ளையை மாமனார் அழைப்பது முறை. அந்த அழைப்பைச் சாக்காக வைத்துக் கிளம்பிவிட்டேன். நான் தனியாகத்தான் திரும்புகிறேனா என்று பார்த்துக்கொள்ள அத்தையும் கூடவே வந்தாள்.

கொள்ளிடம் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. ஊர் முழுக்கக் கரையில் கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருந்தது. அவள் வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். அரைமாதத்தில் இன்னும் இளைத்திருந்தாள். இமை அப்போதே தொங்கியது, பகலாக இருந்தும். தேங்காய்ச் சோற்றை ஒரு வாய் வைத்தாள். அது உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. இருமக் கூட வலுவில்லை. சத்தமே இல்லாமல், எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் உட்கார்ந்து அவள் நீலமாகிக்கொண்டிருந்தாள். அவள் கண் மட்டும் இமைக்கு அடியிலிருந்து என்னையே பார்த்தது.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பெஞ்சியிலிருந்து விழுந்தவனைப் பார்த்த கண்தான் அது. உள்ளே இருப்பவள் வேறு யாரும் இல்லை.

குப்புறச் சாய்த்து முதுகில் அடித்தேன். விரலை விட்டு எடுத்தேன். மூச்சு வந்தது, ஆனால் மேலோட்டமாக, நூலிழையாக. "எங்கடா தூக்கிட்டுப் போறே?" என்று அத்தை கத்தினாள். "திருச்சிக்கு" என்றேன். வண்டியில் பெரிய சாலைவரை போய், அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பு வைத்துக் கரிப்புகையில் ஓட்டுவார்கள். மேட்டைக் கண்டால் பஸ்ஸுக்கும் மூச்சு நின்றுவிடும். அவள் ஒரு பக்கம் மூச்சுக்குத் தவிக்க, பஸ் ஒரு பக்கம் தவிக்க, எது முதலில் நிற்கும் என்று பார்த்துக்கொண்டு அரியலூர் வந்து ரயிலைப் பிடித்தோம். அத்தையும் ஏறினாள். திட்டுவதற்காகத்தான் ஏறினாள், பாதி வழியில் திட்டை நிறுத்திவிட்டு அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பயத்தோடுதான். தோள் விறைத்தே இருந்தது.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய டாக்டர் எங்கள் கட்டிலுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். முகத்தைப் பார்த்தால் என் இனம் என்று தோன்றியது.

"பேரச் சொல்லும்மா" என்றார். சொன்னாள். "இன்னொரு தடவை. இன்னொரு தடவை." பேர் தேய்ந்தது. "மேல கூரையையே பாரு." பார்த்தாள்; இமை திரைச்சீலை மாதிரி இறங்கியது. அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"கோடாங்கியும் இதத்தாங்க செஞ்சாரு" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"ஆனா அவர்கிட்ட இது இல்ல" என்று சொல்லி ஊசியை எடுத்தார். புது மருந்து, யுத்தத்தால் கப்பல் வந்தால்தான் உண்டு, கொஞ்சம்தான் மிச்சம் என்றார். கையில் போட்டுவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தார்.

வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அத்தை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் இருந்தாள். சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு இடது இமை அசைந்தது. மெல்ல, உள்ளேயிருந்து யாரோ இழுப்பது போல மேலே போனது. வலது இமையும். உதட்டோரம் தன் இடத்துக்கு வந்தது. தாடை மூடிக்கொண்டது. விளக்கு வெளிச்சத்தில், அந்த நேரத்தில் வரவே கூடாத முகம், காலைக்காரியின் முகம், அந்த முகத்துக்குள்ளிருந்து எழுந்து வந்தது. செத்தவர் எழுந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்குச் சந்தோஷம் பிறகுதான் வந்தது. முதலில் மயிர்க்கூச்செறிந்தது.

அத்தை பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். திருப்பி விளக்குக்கு நேரே காட்டினாள். கட்டைவிரலடியில் சேங்கொட்டைப் புள்ளி புண்ணாகி ஆறி, கருவடுவாக இருந்தது.

"இவதான்" என்றாள். "அப்ப... சாயந்திரமா வர்றது?"

"நான்தான் அத்தே." குரல் கணீரென்று இருந்தது. "அன்னிக்கு நீங்க ஊசி வச்சப்பவும் நான்தான் இருந்தேன். வலிச்சுது. சொல்ல வாய் வரல."

 அத்தை கையை விடவில்லை.

மருந்து சில மணி நேரம்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானும் அத்தையும் உட்கார்ந்து அவள் போவதைப் பார்த்தோம். அவளுக்கும் தெரியும். வேகவேகமாகப் பேசினாள்: கொல்லையில் வைத்த கத்தரி காய்த்ததா, குடையைப் பழுது பார்த்தேனா, அத்தைக்குக் கால் வலி எப்படி. பேச்சு மூக்குக்குள் போக ஆரம்பித்தது. இமை இறங்கியது. தாடை தொங்கத் தொடங்கியபோது, அவள் கையை எடுப்பதற்குள், ஒரு கை வந்து அதைத் தாங்கிப் பிடித்தது. அத்தையின் கை.

நான் என்ன செய்வது என்று தெரியாமல், "இந்த ஆஸ்பத்திரி பெஞ்சியும் ஒரு பக்கம் ஆடுது, நான் ஓரத்துல உக்காரல" என்றேன். அவளுக்குப் பல் மட்டும் தெரியும் சிரிப்பு வரவில்லை, அதற்கும் வலுவில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். டக். காலையில், "அது சிரிச்சேன்னு அர்த்தம்" என்று விளக்கினாள்.

ஆவணியில் யார் போய் அழைப்பது என்ற பேச்சே எழவில்லை. மாத்திரைகளோடு நேரே பெரம்பலூருக்கு வந்தோம். ஆடியிலேயே பெண்ணை அழைத்து வந்துவிட்டதாக ஊர் பேசியது. "எங்க வூட்டுப் பொண்ணு, குறி போட்டது, எப்ப வேணா கூட்டியாருவோம்" என்று அத்தை சண்டைக்குப் போனாள். மாத்திரை வராத மாதங்களும் இருந்தன. மூச்சு போய் வந்த மாலைகளும் இருந்தன. அவற்றை எழுதினால் இது சிரிப்புக் கட்டுரையாக இராது. இப்போதே இல்லை என்கிறீர்களா, சரி.

இந்த நோய் ஏன் வருகிறது என்று அந்த டாக்டருக்கும் தெரியாது. சில வருஷங்களுக்கு முன் திருச்சியில் ஓர் இளம் டாக்டர் சொன்னார். ரத்தத்தில் காவல்காரர்கள் உண்டாம். வெளியாள் யார், வீட்டாள் யார் என்று பார்த்து, வெளியாள் மேல் ஓர் அடையாளம் ஒட்டுவது அவர்கள் வேலை. சிலருக்குக் காவல் தடுமாறி, சொந்த உடம்பின் மேலேயே அடையாளம் ஒட்டிவிடுகிறார்களாம். இவளுக்கு நரம்பு தசைக்குச் சேதி கொடுக்கும் வாசலில் ஒட்டிவிட்டார்கள். நரம்பு கூப்பிடுகிறது, தசைக்குக் கேட்பதில்லை. கூப்பிடக் கூப்பிடக் குறைகிறது. சிலருக்கு மூளையிலேயே இப்படி நடக்கலாம், ஆளே வேறாகிப் பேசலாம் என்று இப்போது சந்தேகிக்கிறார்களாம். அவர்களில் எத்தனை பேர் உடுக்கைக்கு முன்னால் உட்கார்ந்தார்களோ.

"கெட்ட எண்ணம் கிடையாது சார் அதுக்கு. காப்பாத்தணும்னுதான் செய்யுது. ஆள் அடையாளம்தான் தப்பு" என்றார்.

"எங்க அத்தையை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. என் மனைவி சிரித்தாள். காலை வேளைதான்.

அத்தை போய்ப் பல வருஷமாகிறது. கடைசிவரை மாலையில் என் மனைவிக்கு அவள்தான் சோறு ஊட்டினாள், தாடையைத் தாங்கிக்கொண்டு. இப்போது நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. இருந்தும் மாலை மாலைதான். நான் முன்னறையில் விளக்கடியில் எழுதுவேன். அவள் உள்ளே இருட்டில் படுத்திருப்பாள், வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. எழுதிய வரியை உரக்கப் படிப்பேன். நன்றாக இருந்தால் கட்டில் சட்டத்தில் டக். இல்லாவிட்டால் ஒன்றும் வராது. எந்தப் பத்திரிகாசிரியரும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை.

போன வாரம் எழுத ஒன்றும் ஓடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் வாயே திறக்கவில்லை. உள்ளேயிருந்து டக் என்றது. சிறிது நேரம் கழித்து மறுபடி டக்.

காலையில் காபி கொடுக்க வந்தபோது கேட்டேன். "நேத்து எதுக்குத் தட்டுன? நான் ஒண்ணும் படிக்கலியே?"

"நான் தட்டலியே" என்றாள். கண் அகலத் திறந்திருந்தது. "நேத்து நேரத்தோட தூங்கிட்டேன்."

"சத்தம் கேட்டுச்சே."

"அப்ப அவ தட்டியிருப்பா."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். உதட்டோரம் சரியான இடத்தில்தான் இருந்தது, ஆனால் மேலே போகவில்லை. வேடிக்கை எது என்று கண்டுபிடிப்பதை நாற்பது வயதுக்கு மேல் தொழிலாகவே வைத்துக்கொண்டவன் நான். எனக்குத் தெரியவில்லை. டம்ளரை வாங்குகிற சாக்கில் அவள் கையை மெல்லத் திருப்பி, கட்டைவிரலடியைப் பார்த்தேன்.

"இருக்கா?" என்றாள்.